ஒன்றே இரண்டாகும் சிற்றுயிர்கள்
(பாலிலா இனப்பெருக்கமும் நம் இல்லற ஒழுக்கமும்)

நம் இல்லத்துப் பிள்ளைகள் சிற்றுயிர்களைப் பற்றி இரண்டு இடங்களில் கேள்விப்படுகின்றனர். ஒன்று பள்ளியின் அறிவியல் வகுப்பு. மற்றொன்று வீட்டுச் சமையலறை. வகுப்பில் ஆசிரியர் அமீபா இரண்டாகப் பிளப்பதையும், ஈஸ்ட் அரும்பு விடுவதையும் படம் வரைந்து விளக்குகின்றார். வீட்டில் பாட்டி, “வடிகட்டாத நீரைப் பருகாதே; இராத்தங்கிய உணவை உண்ணாதே; கிழங்கைத் தவிர்” என்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டு என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமையால், பிள்ளைகள் முன்னதைத் தேர்வுக்கு உரிய பாடம் என்றும், பின்னதைப் பழங்காலப் பழக்கம் என்றும் கொண்டு விடுகின்றனர். இக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்துக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ள மங்களூர் ஒன்றியத்தையே எடுத்துக் கொள்வோம். இது கன்னட நாட்டுக் கடற்கரை நகரமன்று. நம் கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திட்டக்குடியை ஒட்டி அமைந்த பகுதி. ஏரியும் குட்டையும், மக்காச்சோளமும் பருத்தியும், அண்மையில் பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலமும் கொண்ட இந்நிலத்திலேயே நாம் அறிய வேண்டிய அனைத்தும் உள்ளன.

பாலிலா இனப்பெருக்கம் யாது?

ஆண், பெண் என்னும் இரு உடல்களின் கூறுகள் கலந்து புதிய உடல் தோன்றுவது பாலினப் பெருக்கம் ஆகும். அவ்வாறு கலவாமல், ஓர் உடலே தன்னிலிருந்து மற்றோர் உடலைத் தோற்றுவிப்பது பாலிலா இனப்பெருக்கம் எனப்படும். பாலினப் பெருக்கத்தில் பிள்ளை தாயையும் தந்தையையும் ஓரளவு ஒத்தும், ஓரளவு வேறுபட்டும் இருக்கும். பாலிலா முறையிலோ பிள்ளை, தாயின் அச்சு அசலாகவே அமையும்.

இம்முறைக்குத் துணை தேட வேண்டியதில்லை. ஆதலால் காலம் மிச்சமாகும். ஈரமும் உணவும் தக்க வெப்பமும் கிடைத்தால் போதும், ஒன்று பலவாகிவிடும். ‘விரைவு’ என்னும் இவ்வொரு சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். பின்னர் நாம் சொல்லப்போகும் செய்திகள் யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன.

1. இரண்டாகப் பிளத்தல்

ஏரிக்கரைச் சேற்றிலும் குட்டை நீரிலும் வாழும் அமீபா ஒரே செல்லாலான உயிர். நன்கு உண்டு வளர்ந்தபின் அதன் உட்கரு முதலில் இரண்டாகின்றது. பின்னர் உடலின் நடுப்பகுதி ஒடுங்கி, இரண்டு அமீபாக்கள் பிரிகின்றன. தாய் இறக்கவில்லை, ஆயினும் தாய் என்று தனியே சுட்டவும் எதுவும் எஞ்சவில்லை. பாரமீசியம் குறுக்கே பிளக்கின்றது. யூக்ளினா நெடுக்கே பிளக்கின்றது.

அமீபாவினும் மிகச் சிறியவை பாக்டீரியாக்கள். இவற்றின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. ஆலந்து நாட்டின் லீவன்ஹூக் என்பார் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையால் 1676இல் இவற்றைக் கண்டு எழுதினார். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, எல்லாம் ஏற்றவாறு அமைந்தால் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4,096. எட்டு மணி நேரத்தில், அதாவது நாம் உறங்கி எழும் நேரத்தில், 1,67,77,216 ஆகும். உணவு தீர்வதாலும் கழிவு சேர்வதாலும் இயற்கையில் இவ்வேகம் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆயினும் நம் சமையலறையில் உணவுக்குக் குறைவேது?

மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதற்குக் காரணமும் இப்பெருக்கமே. உளுந்துடன் வந்து சேரும் லூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் இரவெல்லாம் பிளந்து பெருகி, கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்பச் செய்கின்றன, புளிப்பையும் தருகின்றன. பாக்டீரியாக்கள் யாவும் தீயன என்று எண்ண வேண்டா. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுள் பெருகி வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றது.

பிளத்தலில் விந்தையானது டயாட்டம் என்னும் நுண்பாசியின் வழி. குளத்திலும் கடலிலும் வாழும் இதன் உடலைக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு மூடியுள்ளது. அவ்வோடு குங்குமச் சிமிழைப் போன்று மூடியும் அடியுமாக இரு பகுதிகள் கொண்டது. டயாட்டம் பிளக்கும்போது ஒரு பிள்ளை மூடியையும், மற்றொரு பிள்ளை அடியையும் எடுத்துக் கொள்கின்றது. இரண்டும் தமக்கு வந்த பகுதியை மூடியாகக் கொண்டு, அதற்குள் அடங்கும் புதிய அடியை அமைத்துக் கொள்கின்றன. ஆகவே மூடியைப் பெற்றது தாயின் அளவிலேயே இருக்க, அடியைப் பெற்றது சற்றே சிறுத்துப் போகின்றது. தலைமுறைதோறும் இவ்வாறு சிறுத்துக்கொண்டே வந்து, ஓர் எல்லைக்குப்பின் பெரும்பாலான வகைகள் பாலினப் பெருக்கத்தால் மீண்டும் பழைய அளவைப் பெறுகின்றன. தனித்துப் பெருகுவதற்கும் ஓர் எல்லை உண்டென்பதற்கு இது சான்றாகும்.

மாண்ட டயாட்டங்களின் ஓடுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நீரடியில் படிந்து மண்ணாகின்றன. நுண்துளை மிக்க அம்மண்ணைச் சுட்டு நீர் வடிகட்டும் உருளை செய்யும் முறை, செருமனியில் பெர்க்ஃபெல்டு என்பாரால் 1891இல் புகுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1884இல், பிரான்சின் சாம்பர்லேண்ட் என்பார் மெருகிடாத பீங்கானால் பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியை உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் ‘கேண்டில்’ என்று அழைக்கப்படும் வெண்ணிற உருளை இவற்றின் வழிவந்ததே. பீங்கான் என்றால் கோப்பையும் பொம்மையும் மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, சிற்றுயிர் ஒன்றின் ஓடே மற்றொரு சிற்றுயிரைத் தடுத்து நிறுத்துகின்றது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

சில உயிர்கள் ஒரே நேரத்தில் பலவாகப் பிளக்கின்றன. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுள் புகுந்து, ஒன்றிலிருந்து பத்துக்கும் மேற்பட்டவையாகப் பிரிந்து, அணுவை உடைத்து வெளியேறுகின்றது. அவ்வாறு வெளியேறுவதை ஒட்டியே குளிர்காய்ச்சல் முறைவைத்து வருகின்றது. மனித உடலில் பாலிலா முறையில் பெருகும் இக்கிருமி, கொசுவின் உடலில் பாலினப் பெருக்கத்தை மேற்கொள்கின்றது. கொசுவின் வயிற்றில் இக்கிருமியை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார்.

2. அரும்புதல்

ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சையின் உடலில் சிறு மொட்டுப் போன்ற புடைப்புத் தோன்றுகின்றது. உட்கரு பிரிந்து ஒரு பகுதி அதனுள் செல்கின்றது. மொட்டு வளர்ந்து தனியே பிரிகின்றது; சில வேளைகளில் பிரியாமலே அதன்மீது மற்றொரு மொட்டு தோன்றி, மாலை போல் தொடர்கின்றது. பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கிய இனிய சாறு சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாவதும் இதனாலேயே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் புளியாமல் இருப்பது, சுண்ணாம்பு இச்சிற்றுயிர்களைப் பெருகவிடாமையால் ஆகும்.

புளிக்கும் சாற்றில் ஈஸ்ட் உயிருடன் அரும்பிப் பெருகுவதை ஐரோப்பிய அறிஞர்கள் 1837இல் தெளிந்தனர். அமிர்தசந்திர சூரி பத்தாம் நூற்றாண்டை ஒட்டி இயற்றிய புருஷார்த்த சித்தியுபாயம், மதுவை விலக்கக் கூறும் காரணங்களுள் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. மது, சாற்றில் தோன்றும் பல உயிர்களுக்குப் பிறப்பிடம் என்பதும், அதைப் பருகுவோர்க்கு அவ்வுயிர்களைக் கொன்ற குற்றம் சேரும் என்பதும் அந்நூலின் கருத்தாகும். மயக்கம் தருவது ஒரு குற்றம். உயிர்க்கொலை மற்றொரு குற்றம் எனத் தனித்தனியே அவர் எண்ணிக் காட்டுகின்றார்.

தெளிந்த குளங்களில் நீர்ச்செடியின் இலைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஹைட்ராவும் அரும்பு விட்டே பெருகும். தாயின் பக்கவாட்டில் தோன்றும் அரும்பு வாயும் உணர்கொம்புகளும் பெற்றபின் பிரிந்து தனிவாழ்வு தொடங்குகின்றது.

3. துண்டாதல்

ஏரி நீரில் பச்சை நூற்கற்றை போல் மிதக்கும் ஸ்பைரோகைரா என்னும் பாசியைக் காணாதவர் இரார். அலையாலோ, மாட்டின் குளம்பாலோ அது அறுபட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனி இழையாக வளர்கின்றது.

மேற்கூறிய ஹைட்ராவை வைத்து ஆபிரகாம் திரெம்பிளே என்பார் 1740இல் செய்த ஆய்வு வரலாற்றில் இடம் பெற்றது. ஆலந்தின் ஹேக் நகருக்கருகே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தவர் அவர். நீரில் கண்ட அச்சிறு பச்சை உயிர் செடியா, விலங்கா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைக்குமாயின் செடி எனலாம் என்று கருதி வெட்டினார். இரண்டு துண்டுகளும் முழு ஹைட்ராவாயின. ஆனால் அதுவோ நகர்கின்றது, இரையைப் பிடித்து உண்கின்றது, எனவே விலங்கே. அவர் 1744இல் இதனை நூலாக வெளியிட்டபோது ஐரோப்பாவின் அறிஞர் பலர் திகைத்தனர். ‘ஓர் உடலை வெட்டினால் உயிரும் இரண்டாக வெட்டுப்படுமோ?’ என்பது அவர்களை வாட்டிய கேள்வி. இக்கேள்விக்கு நாம் மீண்டும் வருவோம்.

4. வித்துத்தூள்

ஈரம் பட்ட ரொட்டியிலும், கைபட்ட ஊறுகாயிலும் பூக்கும் பூசணம், ‘ஸ்போர்’ எனப்படும் நுண்ணிய வித்துத்தூளால் பெருகுகின்றது. ஒரு சிறு பூசணப் படலத்திலிருந்து எண்ணற்ற வித்துகள் காற்றில் பரவுகின்றன. தக்க ஈரம் வாய்க்கும்வரை அவை உறங்கிக் கிடக்கும், வாய்த்தவுடன் முளைக்கும்.

விருத்தாசலம் வட்டாரத்தார் இதனைத் தனிக்கவனத்துடன் அறிதல் வேண்டும். நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் ஆராய்ச்சி நிலையம் அமைந்த ஊர் அது. சரியாக உலராத நிலக்கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் வித்துத்தூளால் பெருகி, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தனர். இது கல்லீரலைக் கெடுப்பது; சாதாரணச் சமையல் வெப்பத்தில் அழியாதது. பூசணம் பெருகிய பின் அதனை அழிப்பதால் பயனில்லை. நஞ்சு எஞ்சி நிற்கும். காயைப் பறித்த உடனே நன்கு உலர்த்தி, ஈரம் ஏறாமல் காத்து, பூசணத்துக்கு இடம் கொடாமல் இருப்பதே வழி. உயிருக்கும் ஊறில்லை, உண்பவர்க்கும் தீங்கில்லை.

5. கரணையும் கிழங்கும் நம் நூலும்

எளிய உயிர்களுக்கே உரியது எனத் தோன்றும் இம்முறை, வளர்ந்த பயிர்களிலும் உண்டு. கரும்பை விதைத்து வளர்ப்பார் இல்லை; பருவுள்ள கரணையை நடுகின்றனர். மரவள்ளிக்குக் குச்சி, மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் கிழங்கு, உருளைக்கிழங்குக்குக் கண்ணுள்ள துண்டு. ரணகள்ளியின் இலை தரையில் விழுந்தால் அதன் விளிம்பிலேயே கன்றுகள் முளைக்கின்றன. ஒட்டுக்கட்டிய முந்திரிக் கன்றின் மேற்பகுதி தாய்மரத்தின் அச்சேயாகும்.

இதில் ஒரு நன்மையும் ஓர் இடரும் உள்ளன. நல்ல கரும்பின் கரணை நல்ல கரும்பையே தரும் என்பது நன்மை. ஆயிரம் ஏக்கரிலும் ஒரே உடலின் படிகள் நிற்பதால், ஒன்றைத் தாக்கவல்ல நோய் அனைத்தையும் தாக்கும் என்பது இடர். கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கோ.சி. 671 என்னும் சர்க்கரைச் சத்து மிக்க இரகம் உழவர்களால் பெரிதும் விரும்பப்பட்டுப் பின்னர்ச் செவ்வழுகல் நோய்க்கு இரையாகிப் பின்தங்கியது. நோயுற்ற கரணை வழியாகவே அந்நோய் அடுத்த நடவுக்கும் செல்கின்றது.

இங்கு நம் வாசகர்களை ஒரு பழைய நூலுக்கு அழைக்கின்றோம். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம், ஜீவகாண்டத்தில் தாவரங்களை அவை பிறக்கும் வழியை வைத்தே வகுக்கின்றது. வேரிலிருந்து முளைப்பன, நுனியிலிருந்து முளைப்பன, கணுவிலிருந்து முளைப்பன, கிழங்கிலிருந்து முளைப்பன, தண்டிலிருந்து முளைப்பன, விதையிலிருந்து முளைப்பன, இவற்றுள் எதுவுமின்றித் தோன்றுவன என்பது அப்பகுப்பு. கணுவிலிருந்து முளைப்பதற்குக் கரும்பே எளிய சான்று. இன்றைய பாடநூல் ‘உடல இனப்பெருக்கம்’ என்னும் தலைப்பில் கூறும் வேர், தண்டு, கிழங்கு ஆகியவற்றை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆசிரியர் ஒழுங்குபட நிறுத்தியிருப்பது நாம் பெருமை கொள்ளத் தக்கதே.

அடுத்து அவர் கூறுவது இன்னும் நுட்பமானது. ஓர் உடலில் ஓர் உயிர் உறைவது பிரத்தியேகம். ஓர் உடலை எண்ணிறந்த உயிர்கள் பொதுவாகக் கொண்டு உறைவது சாதாரணம். ஒரு தாவரம் எண்ணிறந்த உயிர்கள் உறையும் நிலையில் உள்ளதா என அறிய அவர் தரும் அடையாளங்களுள் சில: நரம்பும் கணுவும் வெளித்தோன்றாமை, ஒடித்தால் நார் இன்றிச் சமமாக ஒடிதல், வெட்டிய பின்னும் மீண்டும் முளைத்தல். ‘வெட்டினாலும் முளைப்பது’ என்பதே கிழங்குகளை நம் முன்னோர் விலக்கியதற்கு அடிப்படையான காரணங்களுள் ஒன்று. கிழங்கைத் தோண்டும்போது மண்ணிலுள்ள உயிர்கள் மாள்வது மட்டுமே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். அது முழுமையான விடையன்று.

ஓர் உயிரா, பல உயிர்களா?

திரெம்பிளே காலத்து அறிஞர்களைத் திகைக்க வைத்த கேள்வியை இப்போது பார்ப்போம். உயிர் பகுக்க முடியாதது என்பது நம் கொள்கை. அங்ஙனமாயின், பிளந்த அமீபாவில் உயிர் எங்குச் சென்றது?

உமாசுவாமி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் பிறப்பை மூன்றாக வகுக்கின்றது: சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம். தாய் தந்தையரின் சேர்க்கையின்றி, சுற்றிலுமுள்ள அணுத்திரளைக் கொண்டு உடல் அமைவது சம்மூர்ச்சனப் பிறப்பு. ஓரறிவு உயிர்கள் யாவும் இவ்வகையினவே. இக்கொள்கைப்படி நோக்கின், உடல் பிளக்கலாம், உயிர் பிளப்பதில்லை. பிரிந்த இரு உடல்களுள் ஒன்றில் முன்னிருந்த உயிர் தொடர, மற்றதில் வேறோர் உயிர் வந்து பிறக்கின்றது எனக் கொள்ளலாம். உடல் என்பது உயிர் குடிபுகும் வீடு. வீட்டைத் தடுத்து இரண்டாக்கினால் குடியிருப்பவர் இரண்டாவதில்லை. புதிய அறைக்குப் புதியவர் வருகின்றார், அவ்வளவே.

ஆயினும் ஒன்றை நேர்மையுடன் சொல்ல வேண்டும். நூலும் அறிவியலும் எல்லா இடத்திலும் ஒன்றுபடுவதில்லை. ஈரறிவு முதல் நாலறிவு வரையிலான உயிர்களையும் சூத்திரம் சம்மூர்ச்சனத்தில் அடக்குகின்றது. எறும்பும் ஈயும் முட்டையிலிருந்தே பிறக்கின்றன என்பதை அறிவியல் கண்ணெதிரே காட்டுகின்றது. இறைச்சியை மூடி வைத்தால் புழுத் தோன்றாது என்று இத்தாலியின் ரெடி 1668இல் மெய்ப்பித்தார். காய்ச்சிய சாற்றில் வெளித்தூசு புகாதவரை பாக்டீரியாவும் தோன்றாது என்பதைப் பிரான்சின் பாஸ்டர் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். பாக்டீரியா, பாக்டீரியாவிலிருந்தே வருகின்றது.

ஆதலின், நம் ஆசாரியர்கள் பாக்டீரியாவைக் கண்டு எழுதினர் என்று மேடையில் முழங்குவது முறையாகாது. அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. அப்பெயரும் அவர்களுக்குத் தெரியாது. பாக்டீரியாவை நம் நூல்களின் எவ்வகுப்பில் அடக்குவது என்பது ஆராய்ந்து முடிவு காண வேண்டியதே. மெய்ம்மையும் நம் விரதங்களுள் ஒன்று. மிகைப்படுத்திச் சொன்னதைப் பிள்ளை ஒருநாள் பொய்யென அறியுமானால், உடன் சொன்ன உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடும். நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் நீரிலும் உணவிலும் உள்ளன; அவை விரைந்து பெருகுகின்றன; அவற்றின் பொருட்டு மனிதன் தன் நடையை அடக்கிக் கொள்ள வேண்டும். இம்மூன்றையும் நம் முன்னோர் அறத்தின் வழியே உணர்ந்து, அன்றாட ஒழுக்கமாக்கினர்.

இரண்டு நாழிகைக் கணக்கு

வடிகட்டிய நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், நம் வழக்கில் இரண்டு நாழிகை வரையே பயன்படுத்தத் தக்கது. அதன்பின் மீண்டும் வடிகட்ட வேண்டும் என்பது மரபு. நன்கு கொதித்த நீருக்கு ஒரு நாள் எல்லை. காலத்தை ஏன் கணக்கிட்டனர்? உயிர்கள் ஓரிடத்தில் நின்ற அளவில் இருப்பதில்லை, தோன்றிக்கொண்டே இருக்கின்றன என்னும் எண்ணமே அடிப்படை. மேலே கண்ட கணக்கை இதனருகே வைத்துப் பாருங்கள். உணவுச்சத்து நிறைந்த இடத்தில் ஓர் ஈ.கோலை 48 நிமிடத்துக்குள் இருமுறை பிளந்து நான்காகும். எட்டு மணி நேரம் விட்டால் கோடியைத் தாண்டும். வெறும் நீரில் இவ்வேகம் இராது. மாவிலும், சோற்றிலும், குழம்பிலும் இதற்கு அணித்தாகச் செல்லும். காலமே பெருக்கத்தின் தாய் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

நீரை வடிகட்டுவதால் பாக்டீரியா நிற்காதே என்று இளைஞர்கள் கேட்கின்றனர். உண்மைதான்; துணியின் கண்களை நோக்க அது மிகச் சிறியது. ஆயினும் துணியில் கொசுப்புழு நிற்கும்; சைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சி நிற்கும். நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பிய அப்பூச்சியைத் தடுக்க, துணியால் நீரை வடிகட்டுமாறு அரசே ஊர்தோறும் கற்பித்தது. நம் நாட்டில் அந்நோய் 1996க்குப் பின் காணப்படவில்லை. 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை அந்நோய் அற்ற நாடாக அறிவித்தது. வங்காளதேசத்தில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்துப் பருகிய சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ரீட்டா கால்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்விலங்குகளின் மேல் ஒட்டி வாழ்வதால், அவற்றைத் தடுத்த துணி கிருமியில் பெரும்பகுதியையும் தடுத்தது.

நம் மரபோ இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. வடிதுணியில் தங்கிய உயிர்களைத் துணியைத் திருப்பி, எடுத்த நீர்நிலையிலேயே மெல்லச் சேர்க்கச் சொல்கின்றது. நலவாழ்வுத் துறை நம்மைக் காக்க வடிகட்டச் சொல்கின்றது. நம் அறம் நம்மையும் அவற்றையும் காக்க வடிகட்டச் சொல்கின்றது.

‘நீரைக் கொதிக்க வைப்பது கொலையன்றோ?’ என்பது பிள்ளைகள் கேட்கும் மிகக் கடினமான கேள்வி. இதனை மழுப்பக் கூடாது. ஆம், அதில் உயிர்க்கேடு உண்டு. அதனாலேயே முதலில் வடிகட்டி, தேவையான அளவு மட்டுமே கொதிக்க வைக்கச் சொன்னார்கள். கொதிக்க வைக்காது விட்ட நீரில் உயிர்கள் மேன்மேலும் தோன்றி, பருகும் ஒவ்வொரு முறையும் கேடு தொடரும். கொதித்த நீரில் உரிய காலம் வரை அப்பிறப்புத் தொடர் நிற்கின்றது. ஒருமுறை நேரும் சிறு கேடு, தொடர்ந்து பெருகும் பெருங்கேட்டைத் தவிர்க்கின்றது. இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். இயங்கும் உயிர்களை எண்ணிக் கொல்லாமையும், நிலைத்திணை உயிர்களுக்குத் தேவைக்கு மேல் ஊறு செய்யாமையும் அதன் அளவு. முற்றும் ஊறின்றி வாழ்தல் இல்லறத்தில் இயலாது. ஊறு குறைய வாழ்தல் இயலும்.

வீட்டில் செய்யத் தக்கவை

மாவை வேண்டும் அளவுக்கே அரைத்தல். சமைத்ததை அன்றைக்கே உண்டு தீர்த்தல். நீர்க்குடத்தையும் பாத்திரங்களையும் கழுவிய பின் கவிழ்த்து உலர்த்தல். வடிதுணியையும் ‘கேண்டில்’ உருளையையும் ஈரத்தோடு மூடி வைக்காதிருத்தல். ஊறுகாயில் ஈரக்கரண்டி இடாதிருத்தல். நிலக்கடலை, பயறு ஆகியவற்றை வெயிலில் காய வைத்துச் சேமித்தல். வீட்டைச் சுற்றி நீர் தேங்கவிடாதிருத்தல் ஆகியவை அனைவராலும் எளிதில் இயலும். இவற்றின் பொதுத்தன்மையை நோக்குக. எதனையும் கொல்லுமாறு இவை கூறவில்லை. ஈரமும் உணவும் காலமும் ஒருங்கே சேரவிடாமல் தடுக்கின்றன, அவ்வளவே. மருந்தடித்துக் கொல்ல நேர்வது, பெருகவிட்டவர்க்கே. பெருகவிடாதவர்க்குக் கொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை.

கொல்லாமை என்பது கையை ஓங்காதிருத்தல் மட்டுமன்று. கொல்ல வேண்டிய நிலை வராதபடி முன்கூட்டியே விழிப்புடன் இருத்தலும் ஆகும். அவ்விழிப்புக்கு அறிவியல் பாடம் துணை செய்யும். பிள்ளை அடுத்த முறை அமீபாவின் படத்தை வரையும்போது, வீட்டில் நீர் வடிக்கும் துணியையும் அருகே கொணர்ந்து காட்டுவது பெற்றோர் கடமை.

இளைஞர் சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பாலிலா இனப்பெருக்கத்தின் வகைகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் காணும் ஒரு சான்று தருக.

2. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் பாக்டீரியா ஒன்று, ஆறு மணி நேரத்தில் எத்தனை ஆகும்? கணக்கிட்டுக் காட்டுக.

3. டயாட்டத்தின் ஓடு தலைமுறைதோறும் சிறுப்பது ஏன்?

4. கோம்மடசாரம் தாவரங்களை அவை முளைக்கும் வழியால் எவ்வாறு வகுக்கின்றது? ஒவ்வொரு வகைக்கும் ஒரு பயிரைத் தேடி எழுதுக.

5. நூற்கருத்தும் அறிவியலும் வேறுபடும் இடம் ஒன்றைக் கூறுக. அதனைத் தம்பி தங்கையர்க்கு எவ்வாறு எடுத்துரைப்பீர்?